மர்யம் பூ: ஒரு பாலைச் செடியின் வரலாறு



ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று திரும்புவோரின் பெட்டியில் ஜம்ஜம் நீர், பேரீச்சம்பழம், அத்தர், தஸ்பீஹ் மணி ஆகியவற்றோடு, சில வேளைகளில் காகிதத்தில் பொதிந்த ஒரு காய்ந்த உருண்டையும் இருக்கும். பார்ப்பதற்குச் சுள்ளிகளால் பின்னிய சிறு குருவிக்கூடு போலவும், இறுக மூடிய கைமுட்டி போலவும் தோன்றும். அதைத்தான் நம் வீட்டுப் பெண்கள் மர்யம் பூ என்கிறார்கள். பேறுகால வலி தொடங்கியதும் அதை ஒரு கிண்ணத்து நீரில் இடுவார்கள். சிறிது சிறிதாகச் சுள்ளிகள் விரியும். அது விரிய விரிய வலியும் இலகுவாகும், அது முழுதும் மலர்ந்தால் பிள்ளை பிறந்துவிடும் என்பது நம்பிக்கை. சில குடும்பங்களில் அந்நீரைத் தாய்க்குக் குடிக்கவும் கொடுப்பார்கள்.

சென்ற ஆண்டு மதரஸாவின் பெண்கள் வகுப்பில் ஒரு சகோதரி எழுந்து, "ஹஜ்ரத், இது சுன்னத்தா?" என்று கேட்டார். அப்போது சுருக்கமாக ஒரு மறுமொழி சொன்னோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. விடாததற்கு நம் குடும்பத்திலேயே ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் இந்தச் செடி எது, இதற்கு எப்படி இப்பெயர் வந்தது என்பதைப் பார்ப்போம்.

மர்யம் பூ உண்மையில் பூவன்று. அது வேரோடு பிடுங்கப்பட்ட, செத்துக் காய்ந்த ஒரு முழுச் செடி. தாவர நூலார் இதைக் கடுகின் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். நாம் தாளிக்கும் கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், நூல்கோல் எல்லாம் இதற்கு உறவுமுறை. சுமார் 4,000 இனங்கள் கொண்ட அந்தப் பெருங்குடும்பத்தின் அடையாளம், சிலுவை வடிவில் நிற்கும் நான்கு இதழ்கள். மர்யம் பூச் செடியும் உயிரோடு இருக்கையில் நான்கு இதழ் கொண்ட மிகச் சிறு வெண்பூக்களைப் பூக்கும். ஆனால் நம்மில் எவரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. நாம் வாங்குவது அதன் உலர்ந்த உடலை மட்டுமே. இக்குடும்பத்தில் இதற்கென ஒரு தனிப் பேரினம் வகுக்கப்பட்டுள்ளது. அந்தப் பேரினத்தில் இந்த ஒரே செடிதான் உண்டு. கூடப்பிறந்தோர் யாரும் இல்லை.

சினாய், எகிப்து, பாலஸ்தீனத்தின் சாக்கடல் ஓரம், அரபுத் தீபகற்பம், ஈரான் முதலிய வறண்ட நிலங்களே இதன் தாயகம். மழை பெய்தால் முளைத்து, தரையோடு படர்ந்து, ஒரு சாண் உயரத்தையும் எட்டாமல் பூத்துக் காய்த்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆயுளை முடித்துக்கொள்ளும். நிலம் காய்ந்ததும் இலைகள் உதிரும். கிளைகள் ஒவ்வொன்றாக உள்நோக்கி வளைந்து, காய்களை நடுவில் பொத்திக்கொண்டு பந்தாக இறுகும். செடி இறந்துவிட்டது, ஆயினும் அதன் கைக்குள் விதைகள் உயிரோடு இருக்கின்றன. அப்படியே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

மீண்டும் மழை வரும்போது நடப்பதுதான் மக்களை வியப்பில் ஆழ்த்தியது. நனைந்த சில மணி நேரத்தில் கிளைகள் விரிகின்றன. உள்ளிருக்கும் காய்கள் வெளிப்படுகின்றன. ஒவ்வொரு காயிலும் சிறு கரண்டி போன்ற இரண்டு காதுகள் உண்டு. மழைத்துளி அதன்மேல் விழுந்த அதிர்வில் காய் திறந்து விதை தெறிக்கிறது. ரமலானில் நாம் சர்பத்தில் இடும் சப்ஜா விதை நீர் பட்டதும் வழவழப்பாவதுபோல் இவ்விதையும் ஒரு பசையைச் சூடி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருக்கும்போதே விரைவாக முளைத்துவிடும். மழை ஓய்ந்து வெயில் ஏறினால் செடி திரும்பவும் மூடிக்கொள்ளும், எஞ்சிய விதைகளை அடுத்த மழைக்கென வைத்துக்கொண்டு. எல்லா விதைகளையும் ஒரே மழையை நம்பிச் செலவழிப்பதில்லை. வணிகம் செய்யும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விரியும் இந்த வினையில் உயிர் இல்லை. கிளையின் ஒரு பக்கத்து மரத்திசு மறுபக்கத்தைவிட அதிகமாக நீரை உறிஞ்சிப் புடைக்கிறது. அதனால் வளைவு நிமிர்கிறது. காய்ந்த பைன் மரக்காய் ஈரத்தில் மூடுவதும் வெயிலில் திறப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. இறந்து நெடுங்காலமான செடியும் நீரில் இட்டால் விரியும்; நூறு முறை இட்டாலும் விரியும்; பக்கத்து அறையில் யாரும் பிள்ளை பெறாவிட்டாலும் விரியும். இச்செடி காற்றில் வேரறுந்து பாலைவனமெங்கும் உருண்டு திரியும் என்று பல நூல்கள் எழுதின. நேரில் ஆராய்ந்தவர்கள் அதை ஒப்பவில்லை. வேர் மண்ணைப் பற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்பதையே அவர்கள் கண்டார்கள்.

அரபு மக்கள் இதற்கு இட்ட பெயர் கஃப்பு மர்யம், அதாவது மர்யமின் உள்ளங்கை. மூடிய கைவிரல்கள் போன்ற தோற்றத்தால் வந்த பெயர் இது. பாரசீகத்திலும் உருதுவிலும் இதே பொருளில் மர்யமின் பஞ்சா என்கிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. அரபியில் கஃப்பு மர்யம் என்ற அதே பெயர் நொச்சியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு புதர்ச்செடிக்கும் வழங்குகிறது. பகூர் மர்யம் என்றால் அது கிழங்குள்ள இன்னொரு பூச்செடி. மாலகாவில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைதார் போன்ற பேரறிஞர்கள் ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்து, ஒவ்வொரு ஊரிலும் எச்செடிக்கு எப்பெயர் என்று தேடித் தேடிக் குறித்ததன் காரணம் இதுவே. பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றாகிவிடாது. பழைய நூலில் கஃப்பு மர்யம் என்று கண்ட இடத்திலெல்லாம் நம் கிண்ணத்தில் கிடப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் பிழை நேரும்.

இதில் நம்மை வியக்கவைத்த செய்தி வேறு. இதே செடியை, இதே நம்பிக்கையோடு, கிறிஸ்தவர்களும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் பகுதிக்கு யாத்திரை வந்த ஐரோப்பியர்கள் இதை எரிகோவின் ரோஜா என்று ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். எரிகோ என்பது நாம் அரீஹா என்று சொல்லும் பாலஸ்தீன நகரம். கத்தோலிக்கர்கள் தம் வேதத்தில் சேர்த்துக்கொள்ளும் சீராக்கின் ஞானம் என்ற நூலில் எரிகோவின் ரோஜாச் செடிகள் ஓர் உவமையாக வருகின்றன. அந்தப் பெயர் இச்செடியின் மேல் ஏறிக்கொண்டது. ஈஸா (அலை) அவர்களைத் தூக்கிக்கொண்டு மர்யம் (அலை) அவர்கள் எகிப்துக்குச் சென்றபோது தங்கிய இடமெல்லாம் இது முளைத்தது என்று கதை கட்டினார்கள். கிறிஸ்துமஸ் இரவில் நீரில் இட்டு விரிவதைப் பார்த்தார்கள். பேறுகாலத்தில் தாயின் அருகே வைத்தார்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சொத்துப்போல் கொடுத்தார்கள். நம் தெருவில் நடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வேற்றுமை சொல்ல முடியும்?

அங்கேயும் ஐயம் கொண்டோர் இருந்தனர். 1597இல் மூலிகை நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் ஜான் ஜெரார்ட், ரோஜாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெயர் வைத்தவர் கெடுத்துவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார். 1753இல் சுவீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற்பெயர் இட்டபோது இதற்கு அனஸ்டாடிகா ஹைரோகன்டிகா என்று எழுதினார். முதற்சொல் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அடுத்தது எரிகோவைக் குறிப்பது. ஆக யாத்ரீகர்களின் கதை இரண்டும் அறிவியல் பெயருக்குள் நுழைந்து நிரந்தரமாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சோல்சி என்ற பிரெஞ்சு அறிஞரோடு சாக்கடல் பகுதிக்குச் சென்ற மிஷோன் என்ற பாதிரியார், சூரியகாந்திக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றும் அங்கே இதேபோல் நீரில் விரிவதைக் கண்டு, சிலுவைப் போர்க்காலத்தார் கொண்டுசென்ற உண்மையான எரிகோ ரோஜா அதுவே என்று கருதினார். இன்று மெக்ஸிகோ பக்கத்துப் பாலையில் வளரும், பூவே பூக்காத வேறொரு செடியும் அதே பெயரில் கடைகளில் விற்கப்படுகிறது. அது நனைந்தால் மெய்யாகவே பச்சை பிடித்து உயிர் தொடரும். நம் மர்யம் பூ அப்படிப்பட்டதன்று.

கடல் கடந்து கிழக்கே வந்தபோது பெயர் இன்னொரு முறை மாறியது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதற்கு வழங்கும் பெயர் ஃபாத்திமா புல், ஃபாத்திமா வேர். நபி (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களோடு இது இணைக்கப்பட்டது. அரபுலகில் மர்யம் (அலை), மலாய் உலகில் ஃபாத்திமா (ரலி). செடி ஒன்றே. மக்கள் தாங்கள் மிக நேசிக்கும் தாயின் பெயரை அதற்குச் சூட்டினார்கள் என்பதே இதிலிருந்து தெரிவது. அந்த நேசத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நேசம் ஆதாரமாகாது.

ஆதாரம் என்று தேடினால் என்ன கிடைக்கிறது? மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைக் குர்ஆன் 19ஆம் அத்தியாயத்தில் விரிவாகவே சொல்கிறது. வலி அவர்களை ஒரு பேரீச்சை மரத்தின் அடிக்குக் கொண்டு செல்கிறது. இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று அந்தத் தூய பெண்மணி கதறுகிறார். கவலை வேண்டாம் என்று ஆறுதல் வருகிறது, காலடியில் நீரோடை, மரத்தை உலுக்கினால் கனிந்த பழங்கள், உண்ணவும் பருகவும் கட்டளை. தனிமையில் பிள்ளை பெறும் ஒரு பெண்ணுக்கு வேண்டியது என்ன என்பதை இறைவன் அந்தச் சில வசனங்களில் சொல்லிவிட்டான். அங்கே பேரீச்சை இருக்கிறது, நீர் இருக்கிறது. இந்தச் செடி இல்லை. ஆறு பெரும் ஹதீஸ் நூல்களிலும் இதைப் பேறுகாலத்தில் வைக்கச் சொல்லும் செய்தி ஏதும் இல்லை. எனவே அந்தச் சகோதரிக்கு நாம் சொன்ன மறுமொழி, "சுன்னத் இல்லை, வழக்கம்" என்பதுதான்.

இனி நம் குடும்பத்துச் செய்தி. நம் நன்னியிடம் ஒரு மர்யம் பூ இருந்தது. பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் நன்னா வாங்கி வந்தது. பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றி வைத்திருப்பார்கள். தெருவில் யாருக்கு வலி எடுத்தாலும் அந்த டின் போகும். பிள்ளை பிறந்ததும் சர்க்கரையோடு திரும்பி வரும். சுமார் 28 ஆண்டுகளுக்கு முன், நாம் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த நாளில், நம் ராத்தாவுக்குத் தலைப்பேறு. இரவு வலி தொடங்கியதும் கிண்ணத்தில் நீர் ஊற்றிப் பூவை இட்டார்கள். அது விரியவில்லை. குளிர்ந்த நீராலா, பழைமையாலா, அறியோம். பூ விரியாததால் நேரம் இன்னும் வரவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ராத்தா வலியில் துடித்ததைப் பார்த்த உம்மா, வண்டி பிடிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறார். "பூ இன்னும் மூடியே இருக்கு, அவசரப்படாதே" என்ற சொல்லே இரண்டு முறையும் வந்தது. விடிந்த பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ராத்தா பிழைத்தார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

நேரத்தோடு போயிருந்தால் பிழைத்திருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். கத்ரை நாம் கேள்வி கேட்கவில்லை. நன்னியையும் குற்றம் சொல்ல நாவு எழவில்லை. அவர்கள் அன்பினால் செய்தார்கள், மய்யித்தைக் குளிப்பாட்டிய கையோடு மூன்று நாள் உண்ணாமல் கிடந்தார்கள். ஆனால் ஒரு காய்ந்த சுள்ளியின் அசைவைப் பார்த்து, ஒரு பெண் செல்வதா இருப்பதா என்று தீர்மானிப்பதற்கு மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. அது சகுனம். பறவை வலப்புறம் பறந்ததா இடப்புறம் பறந்ததா என்று பார்த்துப் பயணத்தைத் தீர்மானித்த அறியாமைக்கால வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பறவைக்குப் பதில் பூ என்பதால் அது வேறாகிவிடுமா? மர்யம் (அலை) அவர்களின் பெயர் ஒட்டியிருப்பதால் அது இபாதத் ஆகிவிடுமா?

அந்நீரைக் குடிப்பது பற்றி ஒரு சொல். அது அகீதா சார்ந்ததன்று, மருத்துவம் சார்ந்தது. மருந்து தேடுவதை நம் மார்க்கம் அனுமதிக்கிறது, ஊக்குவிக்கவும் செய்கிறது. இச்செடியில் சில வேதிப்பொருள்கள் இருப்பது உண்மை. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து இரண்டு புதிய பொருள்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் கல்லீரல் உயிரணுக்களைக் காக்கும் தன்மையைக் கண்டார்கள். அதே வேளையில் மலேசியாவில் சினையுற்ற எலிகளுக்கு இதன் நீர்ச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தபோது தாய்க்கும் கருவுக்கும் தீய விளைவுகள் தென்பட்டன. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. நேராது என்றும் சொல்லிவிட முடியாது. ஆகவே கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். "புனித மண்ணிலிருந்து வந்தது, கெடுதல் செய்யாது" என்ற வாதத்தை நம்மிடம் பலர் சொன்னார்கள். புனித மண்ணில் நச்சுக்காய்களும்தான் விளைகின்றன.

இவ்வளவு சொன்ன பின்னர், இச்செடியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் எழுதுவோம் என எண்ண வேண்டாம். மதரஸாவில் நாம் இதை வேறொரு பாடத்துக்கு எடுத்துக்கொண்டோம்.

புகாரி ஷரீஃபின் ஈமான் பாடத்தில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் கருத்து இது: உள்ளத்தில் ஒரு கடுகு விதை அளவு ஈமான் உள்ளவரையும் நரகிலிருந்து வெளியேற்றுமாறு அல்லாஹ் கட்டளையிடுவான். கருகிப்போன நிலையில் வெளிவரும் அவர்கள் ஓர் ஆற்றில் இடப்படுவார்கள். வெள்ளம் ஓடும் ஓரத்தில் விதை முளைப்பதுபோல் அவர்கள் முளைப்பார்கள். அது மஞ்சளாக, வளைந்து சுருண்டு வெளிவருவதை நீங்கள் பார்த்ததில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அந்த ஆற்றின் பெயர் ஹயாவா ஹயாத்தா என்பதில் அறிவிப்பாளர் மாலிக் (ரஹ்) அவர்களுக்கு ஐயம். ஹயா என்றால் மழை, ஹயாத் என்றால் வாழ்வு. பாலைவனத்து அரபிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நம் உஸ்தாத் புன்னகையோடு சொல்வார்.

இந்த ஹதீஸில் விதைக்கு ஹிப்பா என்ற சொல் வருகிறது. ஹப்பா என்றால் கோதுமை, பார்லி போன்ற தானிய மணி. ஹிப்பா என்று ஹாவுக்குக் கஸ்ரு வைத்து ஓதினால், பாலையிலும் ஓடைக்கரையிலும் தானாக முளைக்கும் புல் பூண்டுகளின் விதை. ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறார்கள். உழவன் விதைத்துக் காவல் காக்கும் மணியன்று. யாரும் விதைக்காத, யாரும் கணக்கில் வைக்காத காட்டு விதை. தம்மை யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள் என்று எண்ணிக் கிடந்த மனிதர்களுக்கு இந்த உவமை. 21ஆம் அத்தியாயத்தின் 47ஆம் வசனம் மறுமைத் தராசைப் பற்றியும், 31ஆம் அத்தியாயத்தின் 16ஆம் வசனம் லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் பற்றியும் பேசும்போது அதே கடுகு விதையை எடுத்துக்காட்டுவதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

இச்செடியின் விதைதான் அந்த ஹிப்பா என்று நாம் சொல்லவில்லை; அப்படிச் சொல்லத் தொடங்கினால் நாமும் இன்னொரு கதை கட்டியவராவோம். ஆனால் அந்நபிமொழியைக் கேட்ட தோழர்கள் மழைக்குப் பிறகு வாதிகளில் கண்டது எப்படியிருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட நம் ஊரில் வேறு வழி இல்லை. ஆகவே நன்னியின் டின்னைக் கேட்டு வாங்கினோம். நன்னி வஃபாத்தான பிறகு அது ராத்தாவிடம் இருந்தது. ஏன் வைத்திருந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. "எதுக்குத் தம்பி?" என்றார்கள். சொன்னோம். ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

வெதுவெதுப்பான நீரில் இட்டோம். அஸர் வகுப்பு முடியும் முன் அது விரிந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். இது உயிர் பெறவில்லை, மரக்கட்டை நீரில் ஊறுவதுபோல்தான் என்று விளக்கினோம். ஒரு மாணவி காயைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே விதை இருக்கிறது என்றாள். முள்முனை அளவு பழுப்பு விதைகள் சில. நன்னா வாங்கிய காலத்துச் செடி. அவற்றில் உயிர் இருக்கும் என்று நாம் நம்பவில்லை. இருந்தும் ஒரு தட்டில் ஆற்று மணல் பரப்பி ஈரமாக்கித் தூவினார்கள். அது முளைக்கவில்லை. பின்னர் இவ்வாண்டு உம்ராவிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த புதிய செடியின் விதைகளைத் தூவியபோது, மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் இரண்டு முளைகள் தெரிந்தன.

ராத்தா அன்று மாலை வந்து பார்த்தார்கள். மஞ்சளாக, தலை கவிழ்ந்து, சற்றே வளைந்திருந்தன. நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, மண் காய்ந்திருக்கிறது என்று சொல்லி, செம்பிலிருந்து கையால் நீர் அள்ளித் தெளித்தார்கள்.